எந்த வாசல் வழியாக என்று யாரும் கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகியது (பிரெக்சிட்) சரியா, தவறா என்று உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் சில வாரங்களாக விவாதம் நடக்கிறது. பொருளாதாரம் அடிவாங்கியது என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். சொந்த நாடாளுமன்றம் சொந்தச் சட்டம் இயற்றும் உரிமைக்கு விலை பேச முடியாது என்று இன்னொரு சாரார் எழுதுகிறார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 2016 ஜூன் 23 அன்று அந்த மக்கள் கையில் கொடுத்த வாக்குச்சீட்டை இதுவரை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. அதனால் கடிதம் நீண்டுவிட்டது. இடம் ஒதுக்கி வெளியிட வேண்டுகிறேன்.

அந்தச் சீட்டில் இருந்தது ஒரே கேள்வி. ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராகத் தொடர வேண்டுமா, அல்லது ஒன்றியத்தை விட்டு விலக வேண்டுமா? கீழே இரண்டு கட்டங்கள். முதலில் அரசு எழுதி வைத்திருந்தது வேறு வாசகம்: ‘தொடர வேண்டுமா?’ என்று மட்டும் கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று பதில் கேட்டது. அது ஒரு பக்கம் சாய்கிறது என்று 2015 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் சொன்ன பிறகு மாற்றினார்கள். சொல்லில் நடுநிலை வந்துவிட்டது, பொருளில் வரவில்லை. ‘தொடர்’ என்ற கட்டத்தில் குறியிட்டவருக்குத் தான் கேட்பது என்ன என்று தெரியும். 1973 முதல் அவர் வாழ்ந்துவரும் ஏற்பாடு அது. ‘விலகு’ என்ற கட்டத்துக்குப் பின்னால் குறைந்தது ஐந்து வாசல்கள் இருந்தன.

முதல் வாசல் நார்வே. ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தைக்குள் அது இருக்கிறது. பொருளும் சேவையும் தடையில்லாமல் போகும். பதிலுக்கு ஒன்றியத்துக் குடிமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து வேலை செய்யலாம், பணமும் கட்ட வேண்டும், சட்டம் எழுதும் மேஜையில் மட்டும் வாக்கு கிடையாது. சுங்க ஒன்றியத்தில், அதாவது தங்களுக்குள் வரியில்லாமல் வெளியாருக்கு ஒரே வரி வைக்கும் கூட்டில், நார்வே இல்லை. ஆகவே சுவீடன் எல்லையில் சரக்கு லாரிக்குச் சுங்கச் சோதனை உண்டு. துருக்கி இதற்கு நேர் எதிர். 1996 முதல் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது, ஒற்றைச் சந்தையில் இல்லை. ஆலைப் பொருளுக்கு வரி கிடையாது, மக்கள் தடையின்றிப் போய்வரும் உரிமையும் கிடையாது, வேறு நாடுகளோடு தன் இஷ்டத்துக்குச் சரக்கு வரி பேசவும் முடியாது. சுவிட்சர்லாந்து நூற்றுக்கு மேற்பட்ட தனித்தனி ஒப்பந்தங்களை ஆண்டுக்கணக்கில் ஒட்டுப்போட்டுக் காப்பாற்றி வருகிறது. கனடாவுடையது வணிக ஒப்பந்தம்: வரி பெரும்பாலும் போய்விடும், எல்லைக் காகிதம் போகாது. கடைசி வாசல், எந்த ஒப்பந்தமும் இல்லாமல் உலக வர்த்தக அமைப்பின் பொது விதிகளோடு வெளியேறுவது.

நார்வே போல் இருக்கலாம் என்றவரும், கனடா போதும் என்றவரும், ஒப்பந்தமே வேண்டாம் என்றவரும் ஒரே பக்கம் நின்று வாக்குக் கேட்டார்கள். எண்ணும்போது எல்லாம் ஒரே குவியல். விலக 1,74,10,742 வாக்குகள், தொடர 1,61,41,241. சதவீதத்தில் 51.9, 48.1. தனித்தனியாக எண்ணியிருந்தால் எந்தக் குவியல் பெரிதாக இருந்திருக்கும் என்பது எவருக்கும் தெரியாது. அடுத்த மூன்றரை ஆண்டு பிரிட்டிஷ் அரசியல் முழுக்க அந்தத் தெரியாமையில்தான் ஓடியது. அன்றைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் 2019 ஜனவரி 15 அன்று நாடாளுமன்றத்தில் 202-க்கு 432 என்று தோற்றது. தோற்கடித்தவர்களில் விலகல் போதாது என்றவர்களும் இருந்தார்கள், விலகலே கூடாது என்றவர்களும் இருந்தார்கள். வாசல்களை ஒவ்வொன்றாக நாடாளுமன்றம் வாக்குக்கு விட்டது மார்ச் 27-ல், முதலில் குறித்திருந்த விலகல் தேதிக்கு இரண்டே நாள் முன்பு. எட்டு யோசனைகள், எட்டுக்கும் பெரும்பான்மை இல்லை. ஏப்ரல் 1 அன்று மீண்டும் முயன்றபோது, சுங்க ஒன்றியத்தில் நீடிக்கும் யோசனை 273-க்கு 276 என்று மூன்றே வாக்கில் போனது. 2016-ல் மக்கள் முன் நடந்திருக்க வேண்டிய விவாதம், கெடு முடியும் நேரத்தில் ஓர் அவைக்குள் நடந்தது.

இதே நாட்டில் இரண்டு ஆண்டுக்கு முன்னால் நடந்த இன்னொரு வாக்கெடுப்பைப் பாருங்கள். 2014 செப்டம்பரில் ஸ்காட்லாந்து பிரிய வேண்டுமா என்று கேட்டார்கள். பிரிவினை கேட்டது எடின்பரோவில் ஆட்சியில் இருந்த ஸ்காட்லாந்து அரசு. பத்து மாதம் முன்பே, 2013 நவம்பரில், பிரிந்த பிறகு என்னென்ன எப்படி நடக்கும் என்று 600 பக்கத்துக்கு மேல் ஒரு வெள்ளை அறிக்கை போட்டது. பவுண்டையே தொடர்ந்து வைத்துக்கொள்வோம் என்று அதில் எழுதியிருந்ததால்தான், லண்டன் சம்மதிக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று எதிர்த்தரப்பு மடக்க முடிந்தது. அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வராததும் தோல்விக்கு ஒரு காரணம் (55.3-க்கு 44.7). அறிக்கை நல்லதோ கெட்டதோ, பிடித்துக் கேட்க ஒரு காகிதமாவது இருந்தது. பிரெக்சிட்டில் விலகச் சொன்னவர்கள் அரசு அல்ல, பிரசார அமைப்பு. ஜெயித்த மறுநாள் எதையும் நிறைவேற்ற வேண்டிய பொறுப்பு அவர்களுக்குச் சட்டப்படி இல்லை. பொறுப்பில் இருந்த டேவிட் கேமரன் அரசோ, விலகல் ஜெயித்தால் என்ன செய்வது என்று அதிகாரிகள் திட்டம் போடக்கூடாது என்றே சொல்லி வைத்திருந்தது. நாடாளுமன்ற வெளியுறவுக் குழு பிறகு அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஜூன் 24 காலை கேமரன் பதவி விலகலை அறிவித்தார். கையில் திட்டம் உள்ள ஒருவர்கூட அன்று நாட்டில் இல்லை.

பெரும்பான்மைக்கு ஒரு வரம்பு வைத்திருக்கலாமே என்று உங்கள் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முன்மாதிரி உண்டு. 1979-ல் ஸ்காட்லாந்துக்குத் தனி அவை கேட்ட வாக்கெடுப்பில், மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் ஆதரிக்க வேண்டும் என்று விதித்தார்கள், வாக்களித்தவர்களில் 51.6 சதவீதம் ஆதரித்தும் அது நிறைவேறவில்லை. 2006-ல் செர்பியாவிடமிருந்து மாண்டினீக்ரோ பிரிந்தபோது 55 சதவீதம் என்ற வரம்பை வைத்ததே ஐரோப்பிய ஒன்றியம்தான், 55.5 கிடைத்தது. கியூபெக் மாகாணம் 1995-ல் நடந்த பிரிவினை வாக்கெடுப்பில் வெறும் 54,288 வாக்கில் கனடாவிலேயே தங்கியது. அதற்குப் பிறகு கனடா உச்ச நீதிமன்றம் தெளிவான கேள்வி, தெளிவான பெரும்பான்மை இரண்டும் வேண்டும் என்றது. 2000-ல் தனிச் சட்டமே வந்தது. பிரிட்டனின் 2015 சட்டத்தில் வரம்பும் இல்லை, முடிவு அரசைக் கட்டுப்படுத்தும் என்ற வரியும் இல்லை. என் கருத்தில் வரம்பைவிடத் தெளிவான கேள்விதான் முக்கியம். 60 சதவீதம் பேர் ‘விலகு’ என்றிருந்தாலும் எந்த வாசல் என்ற குழப்பம் அப்படியே இருந்திருக்கும்.

அடுத்தது வெளியேறும் முறை. லிஸ்பன் ஒப்பந்தத்தின் 50-வது பிரிவு ஐந்தே பத்திகள். விலக விரும்பும் நாடு கடிதம் கொடுக்க வேண்டும். கொடுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. அதற்குள் ஒப்பந்தம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் உறுப்பினர் தகுதி தானாகவே போய்விடும். கெடுவை நீட்டிக்க மற்ற எல்லா நாடுகளும் சம்மதிக்க வேண்டும். ஆக, விலகும் நாட்டின் கையில் இருக்கும் உண்மையான துருப்புச்சீட்டு ஒன்றே ஒன்று: கடிதத்தை எப்போது கொடுப்பது என்பது. எந்த வாசல் என்று முடிவு செய்து, சுங்கத்துக்கு ஆள் எடுத்து, மென்பொருளைச் சோதித்து, பிறகு கொடுத்திருக்கலாம். அரசு தன் விருப்பத்துக்குக் கொடுத்துவிட முடியாது, நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரி 24 அன்று 8-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. நின்று யோசிக்க அது நல்ல வாய்ப்பு. இரண்டு மாதத்துக்குள் சட்டத்தை நிறைவேற்றி, மார்ச் 29 அன்று தெரசா மே கடிதத்தை அனுப்பிவிட்டார். மூன்றே வாரத்தில் பொதுத்தேர்தலை அறிவித்தார். ஜூன் 8 தேர்தலில், கையில் இருந்த பெரும்பான்மையையும் இழந்தார். ஜூன் 19-ல் பேச்சு தொடங்கிய அன்றே பணப் பாக்கி, குடிமக்கள் உரிமை, அயர்லாந்து மூன்றும் முதலில், வணிகம் பிறகுதான் என்ற ஒன்றியத்தின் வரிசையை பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. எந்த மாதிரி உறவு வேண்டும் என்று தன் அமைச்சரவைக்குள் ஓர் ஆவணத்தில் உடன்பட்டது 2018 ஜூலை 6-ல், பிரதமரின் செக்கர்ஸ் மாளிகையில். கடிகாரம் ஓடத் தொடங்கிப் பதினைந்து மாதம் ஆகியிருந்தது. இரண்டே நாளில் விலகல் துறை அமைச்சர் டேவிட் டேவிஸ் பதவியைத் துறந்தார்.

கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற முடியுமா என்பதுகூட அதுவரை நிச்சயமாகத் தெரியாது. பெறலாம், பிறர் சம்மதம் தேவையில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது 2018 டிசம்பர் 10-ல். வீட்டை விற்கக் கிரயம் எழுதிய பிறகு, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் ரத்து செய்யலாமா என்று வக்கீலைக் கேட்பது போன்றது இது.

ஒன்றியத்தை விட்டு விலகிய பகுதி இதற்கு முன் இல்லாமல் இல்லை. டென்மார்க்கின் ஆளுகைக்குட்பட்ட கிரீன்லாந்து 1982 பிப்ரவரியில் வாக்களித்து, 1985 பிப்ரவரி 1 அன்று வெளியேறியது. சுமார் ஐம்பதாயிரம் பேர், முக்கியமாகப் பேச வேண்டிய பொருள் மீன். அதற்கே மூன்று ஆண்டு ஆனது.

இனி அயர்லாந்து. இதைப் புரிந்துகொண்டால் பிரெக்சிட் முழுவதும் புரியும். வடக்கு அயர்லாந்து ஐக்கிய இராச்சியத்தின் பகுதி. தெற்கே அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்தின் உறுப்பினர். நடுவில் சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, குறுக்கே 200-க்கும் மேற்பட்ட சாலைகள். முப்பது ஆண்டு ரத்தம் சிந்திய பிறகு 1998-ல் பெரிய வெள்ளி ஒப்பந்தம் என்ற சமாதான உடன்பாடு வந்தது. காவல் கோபுரங்களும் சோதனைச் சாவடிகளும் எடுக்கப்பட்டன. இரண்டு பக்கமும் ஒரே ஒற்றைச் சந்தையிலும் சுங்க ஒன்றியத்திலும் இருந்ததால் சுங்கத்துக்கும் அங்கே வேலை இல்லை. வடக்கில் கறந்த பால் டேங்கரில் தெற்கே போய்ப் பதப்படுகிறது. தெற்கே டப்ளினில் காய்ச்சிய பீர் வடக்கே பெல்ஃபாஸ்டுக்கு வந்து டப்பாவில் அடைபடுகிறது. சாலையில் எல்லை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் வேகப் பலகையைப் பார்க்க வேண்டும்: ஒரு பக்கம் மைல், மறுபக்கம் கிலோமீட்டர்.

பிரிட்டிஷ் அரசு மூன்று வாக்குறுதிகளை ஒன்றாகக் கொடுத்தது. ஒற்றைச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டு வெளியேறுவோம். தீவுக்குள் எல்லைச் சாவடி வராது. வடக்கு அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்றப் பகுதிகளுக்கும் நடுவே கடலிலும் எல்லை வராது. மூன்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் காப்பாற்றலாம். மூன்றையும் முடியாது. காரணம் அரசியலைவிடச் சுங்க நடைமுறையைச் சேர்ந்தது. வரியும் தர விதியும் வேறுபடும் இரண்டு பகுதிகளுக்கு நடுவே ஏதோ ஓரிடத்தில் சரக்கைச் சோதித்தாக வேண்டும். இல்லையென்றால் வரி குறைந்த பக்கமாக இறக்கி மறுபக்கம் கொண்டுபோய்விடுவார்கள். தெரசா மே தற்காப்பு ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தார்: வேறு வழி கிடைக்கும்வரை நாடு முழுவதையும் ஒன்றியத்தோடு ஒரே சுங்கப் பகுதியில் வைப்பது. அதாவது முதல் வாக்குறுதியைத் தளர்த்தினார். அவர் கட்சியே எதிர்த்தது. அவருக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சன் மூன்றாவதை விட்டுக்கொடுத்தார். அதனால்தான் இன்று லிவர்பூலிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குப் போகும் லாரி, ஒரே நாட்டுக்குள் போகும்போதும், பச்சைப் பாதையா சிவப்புப் பாதையா என்று பிரிக்கப்படுகிறது. 2023 பிப்ரவரியின் வின்ட்சர் ஏற்பாட்டின்படி, வடக்கிலேயே விற்றுத் தீரும் சரக்குக்குப் பச்சை, தெற்கே போய்விடக்கூடிய சரக்குக்குச் சிவப்பு. பச்சையில் போகும் இறைச்சிப் பொட்டலத்திலும் பால் பாட்டிலிலும் ‘ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் அச்சிட வேண்டும்.

இது 2016-லேயே தெரியாத விஷயம் அல்ல. முன்னாள் பிரதமர்கள் ஜான் மேஜரும் டோனி பிளேரும், எதிரெதிர் கட்சிக்காரர்கள், ஜூன் 9 அன்று சேர்ந்தே வடக்கு அயர்லாந்து சென்று எச்சரித்தார்கள். அங்குள்ள மக்களும் 55.8 சதவீதம் ‘தொடர்’ என்றுதான் வாக்களித்தார்கள். பிரசாரத்தின் மையத்துக்கு மட்டும் அது வரவில்லை. விலகச் சொன்னவர்கள் தங்கள் பிரசாரப் பேருந்தின் பக்கவாட்டில் எழுதிய 35 கோடி பவுண்டு வந்தது.

அந்தத் தொகையையும் பிரித்துப் பார்க்கலாம். வாரம் 35 கோடி பவுண்டு ஒன்றியத்துக்குப் போகிறது, அதை மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம் என்பது வாசகம். 2015-ல் பிரிட்டனின் மொத்தப் பங்கு ஏறத்தாழ 1,780 கோடி பவுண்டு. 52 வாரத்துக்கு வகுத்தால் வாரம் 34 கோடிக்கு மேல் வரும். ஆனால் அது கட்டிய பணம் அல்ல. 1984-ல் மார்கரெட் தாட்சர் வாதாடி வாங்கிய தள்ளுபடி, அனுப்புவதற்கு முன்பே கழிக்கப்படும். கழித்தபின் கட்டியது சுமார் 1,290 கோடி. அதிலும் விவசாயிகளுக்கும் பின்தங்கிய பகுதிகளுக்கும் சுமார் 440 கோடி திரும்பி வந்தது. கையை விட்டுப் போனது 850 கோடி சொச்சம், வாரத்துக்கு 16 கோடிக்குச் சற்று மேல். அதுவும் பெரிய தொகைதான். அதையே எழுதியிருந்தாலும் வாதம் நின்றிருக்கும். புள்ளிவிவர ஆணையம் அந்த எண் தவறான எண்ணத்தைத் தருகிறது என்று வாக்கெடுப்புக்கு முன்பே சொல்லியும் பேருந்து ஓடியது.

சரக்கில் என்ன ஆனது என்பது நம் பக்கத்து வியாபாரத்தையும் தொட்டது. உங்கள் கட்டுரையாளர், ‘2020 டிசம்பர் 24-ல் கையெழுத்தான உடன்பாட்டால் பிரிட்டனுக்கும் ஒன்றியத்துக்கும் இடையே வரியே இல்லை’ என்று எழுதியிருக்கிறார். இரண்டு திருத்தம். அன்று உடன்பாடு எட்டப்பட்டது, கையெழுத்தானது டிசம்பர் 30-ல். அதைவிட முக்கியம், வரி இல்லை என்பது பிரிட்டனில் அல்லது ஒன்றியத்தில் ‘பிறந்த’ பொருளுக்கு மட்டும். பிறப்பிட விதி என்பார்கள். இதில் திருப்பூர் டீ-சர்ட் எப்படி மாட்டிக்கொண்டது என்று பார்ப்போம்.

2020 வரை, சரக்கை வாங்கும் பையர் இங்கிலாந்துக்காரராக இருந்தால், ஒரே கன்டெய்னர் ஃபெலிக்ஸ்டோ துறைமுகத்தில் இறங்கும். இந்தியாவுக்கான சலுகை விகிதத்தில் 9.6 சதவீத வரி ஒரு தடவை கட்டினால் போதும். குடோனிலிருந்து டப்ளின் கடைக்கும் ஆம்ஸ்டர்டாம் கடைக்கும் காகிதமே இல்லாமல் போகும். 2021 ஜனவரி 1 முதல் அதே குடோனிலிருந்து டப்ளினுக்குப் போகும் பெட்டி ஏற்றுமதி. டீ-சர்ட்டின் பிறப்பிடம் இந்தியா; இங்கிலாந்தில் டேக் மாட்டினாலும் மடித்துப் பாலித்தீன் பையில் போட்டாலும் பிறப்பிடம் மாறாது. துணி பின்னுவதும் வெட்டித் தைப்பதும் அங்கேயே நடந்தால்தான் மாறும். ஆகவே டப்ளினில் மறுபடி வரி. பிரிட்டனில் வரி கட்டி உள்ளே எடுத்துவிட்ட சரக்கு என்பதால் இந்தியச் சலுகையும் கேட்க முடியாமல், முழு விகிதம் 12 சதவீதம் விழும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 1,000 பவுண்டு மதிப்புள்ள சரக்குக்கு ஃபெலிக்ஸ்டோவில் 96 பவுண்டு. அதையே டப்ளின் கடைக்கு 1,300-க்கு விற்றால், வரி அந்த விற்பனை மதிப்பில், 156 பவுண்டு. ஒரே பெட்டிக்கு 252. சுங்க ஏஜென்ட் கட்டணம் தனி.

தப்பிக்க வழி இருந்தது, ஆனால் முன்கூட்டியே செய்ய வேண்டும். பிரிட்டனில் வரி கட்டாமல் சுங்கக் கண்காணிப்புக் குடோனில் வைத்து, ஐரோப்பாவுக்குப் போவதை அப்படியே டிரான்சிட்டில், அதாவது அங்கே வரி கட்டாமல் கடந்துபோகும் சரக்காக, அனுப்பலாம். அல்லது இங்கிருந்தே ஆர்டரைப் பிரித்து, இங்கிலாந்துக்கு ஒன்று, ராட்டர்டாமுக்கு ஒன்று என்று இரண்டு இன்வாய்ஸ், இரண்டு ஷிப்மென்ட் போடலாம். முழு கன்டெய்னர் நிரம்பிய ஆர்டர் இரண்டாக உடைந்தால் இரண்டும் எல்சிஎல், அதாவது பிறர் சரக்கோடு கன்டெய்னரைப் பகிரும் சரக்கு, ஆகிவிடும். பீஸுக்கு விழும் கடல் வாடகை ஏறும், நாளும் கூடும். இதில் இன்னொரு இடமும் தவறியது: டிடிபி விதிமுறையில், அதாவது வரியைத் தாங்களே கட்டிச் சரக்கைக் கொண்டுசேர்க்கும் பொறுப்போடு, விற்ற சின்னக் கம்பெனிகள், ஒன்றியத்தில் தங்கள் பெயரில் சுங்கப் பதிவு எண்ணும் வாட் (மதிப்புக்கூட்டு வரி) பதிவும் வேண்டும் என்பதைச் சரக்கு எல்லையில் நின்ற பிறகே தெரிந்துகொண்டன. பதிவு இல்லாமல் அனுப்பியவர்களின் வாடிக்கையாளரிடம் கூரியர்காரர் வாசலில் நின்று வரி கேட்டார். அவர் பார்சலைத் திருப்பி அனுப்பினார்.

உணவுப் பொருளில் இது இன்னும் கடுமை. இறைச்சி, பால் பொருள் ஒவ்வொரு சரக்குக்கும் அரசு அங்கீகரித்த கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். போய்ச் சேரும் நாட்டு மொழியிலும் வேண்டும். ஒன்றியத்தின் கணினியில் முன்னறிவிப்பு தர வேண்டும். குறித்த எல்லைச் சோதனை நிலையம் வழியாகவே நுழைய வேண்டும். பத்துக் கம்பெனிகளின் சரக்கைச் சேர்த்து ஏற்றிய லாரியில் ஒருவரின் சான்றிதழில் முத்திரை தவறான பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேரின் சரக்கும் நிற்கும். மீன் என்றால் அன்றோடு சரி. உயிருள்ள சிப்பி வகைகளுக்கு ஒரு தனி அடி: இரண்டாம் தர நீரில் எடுத்த சிப்பியைப் பிரிட்டன் உறுப்பினராக இருந்தவரை பிரான்சுக்கும் நெதர்லாந்துக்கும் அப்படியே அனுப்பலாம், அங்கே தொட்டியில் சுத்திகரித்துக்கொள்வார்கள். வெளி நாடு ஆனதும் சுத்திகரித்த பிறகே வர வேண்டும் என்ற பழைய விதி பொருந்தியது. ஒன்றியம் புதிதாக எதையும் தண்டனையாகச் சேர்க்கவில்லை. வெளியாருக்கு எப்போதும் இருந்த விதி அது. வேல்ஸ் கடலோரத்தில் சிப்பி வளர்ப்பவர்களிடம் அவ்வளவு பெரிய தொட்டிகள் இல்லை.

பிரிட்டன் தன் பக்கத்துச் சோதனையை ஐந்து தடவை தள்ளிப்போட்டது. ஒன்றியத்திலிருந்து வரும் இறைச்சிக்கும் பாலுக்கும் சான்றிதழ் கேட்கத் தொடங்கியது 2024 ஜனவரி 31-ல், பெட்டியைத் திறந்து பார்க்கத் தொடங்கியது ஏப்ரல் 30-ல். இடைப்பட்ட மூன்று ஆண்டும் அந்தப் பக்கம் போகும் பிரிட்டிஷ் சரக்குக்கு முழுச் சோதனை, இந்தப் பக்கம் வரும் ஐரோப்பியச் சரக்குக்குத் தடையில்லை. விலகச் சொன்ன விவசாயிக்கு இதைவிட என்ன அநியாயம் வேண்டும்?

விலகியதால் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். சுங்க ஒன்றியத்துக்குள் இருந்து தனியாக வணிக ஒப்பந்தம் போட முடியாது. இந்தியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் 2007-ல் தொடங்கிய பேச்சு 2013-ல் நின்று, 2022-ல்தான் மீண்டும் தொடங்கியது. பிரிட்டன் தனியாகப் பேசி 2025 ஜூலை 24 அன்று இந்தியாவோடு கையெழுத்திட்டது. அதன்படி நம் ஆயத்த ஆடைக்கு அங்கே வரி பூஜ்ஜியமாகிறது. இது உண்மையான லாபம். ஆனால் வரியில்லாமல் ஃபெலிக்ஸ்டோவில் இறங்கிய டீ-சர்ட்டும் பிரிட்டனில் பிறந்ததாகிவிடாது. அங்கிருந்து டப்ளினுக்குப் போனால் மேலே சொன்ன கதைதான். ஏற்றுமதியாளர்கள் ஆர்டரைப் பிரிக்கும் பழக்கத்தை விட்டுவிடக்கூடாது.

குடியேற்றம் பற்றி உங்கள் வாசகர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். மூன்று விஷயம் மட்டும் சேர்க்கிறேன். அந்த வாக்கெடுப்பில் பிரிட்டனில் வசித்த காமன்வெல்த் குடிமக்கள், அதாவது இந்தியர்களும் இலங்கையர்களும், வாக்களிக்க முடிந்தது. இருபது ஆண்டு அங்கே வாழ்ந்த பிரெஞ்சுக்காரருக்கோ போலந்துக்காரருக்கோ வாக்கு இல்லை. இதனால் நம்மவர்களிலேயே ஒரு விசித்திரம் நேர்ந்தது. நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க், பிரான்ஸ் என்று அகதியாய்ப் போய்க் குடியுரிமை பெற்று, பிறகு பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டனுக்கும் லெஸ்டருக்கும் இடம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் ஐரோப்பியக் குடிமக்கள் என்பதால் வாக்களிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் இலங்கைக் கடவுச்சீட்டோடு இருந்த உறவினர் வாக்களித்தார். வாக்கில்லாத அந்தக் குடும்பங்கள்தான் 2021 ஜூன் 30-க்குள் குடியமர்வுத் தகுதிக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருந்தவர்களுக்குத் தற்காலிகத் தகுதிதான் கிடைத்தது.

இரண்டாவது, ஐரோப்பியருக்கான முன்னுரிமை போனால் தெற்காசியச் சமையல்காரர்களுக்கு விசா சுலபமாகும் என்று உணவகக்காரர்களிடம் சொல்லி வாக்குக் கேட்டார்கள். திறனாளர் விசாவுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2024 ஏப்ரலில் ஆண்டுக்கு 26,200-லிருந்து 38,700 பவுண்டாக ஏறியது. 2025 ஜூலையில் தகுதி நிலையையும் பட்டப்படிப்பு அளவுக்கு உயர்த்தியதில் புதிதாக வரும் சமையல்காரருக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. மூன்றாவது, ஆட்கள் வருகை குறையும் என்பது வாக்குறுதி. 2023 ஜூன் வரையிலான ஓராண்டில் நிகர வருகை ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. ஐரோப்பியர் குறைந்தார்கள், மற்றவர்கள் கூடினார்கள். அது பிரிட்டிஷ் அரசே எடுத்த முடிவு. ஒன்றியத்தின் தலைமையகமான பிரசல்ஸ் மேல் பழி போட முடியாது.

இப்போதைய நிலைக்கு வருகிறேன். 2025 மே 19 அன்று லண்டனில் இரு தரப்பும் மறுபடி உட்கார்ந்து சில விஷயங்களில் உடன்பட்டன. உணவு, தாவரப் பொருட்களுக்கு எல்லைச் சான்றிதழ் பெரும்பாலும் நீங்கும்படி ஓர் ஒப்பந்தம் பேசப்படும். அதற்காக அந்தத் துறையில் ஒன்றியம் விதியை மாற்றும்போதெல்லாம் பிரிட்டனும் மாற்றிக்கொள்ளும். ஒன்றியச் சட்டத்துக்கு இறுதிப் பொருள் சொல்வது ஐரோப்பிய நீதிமன்றம். 2026-ல் முடிய வேண்டிய மீன்பிடி ஏற்பாடு 2038 ஜூன் 30 வரை நீள்கிறது. உணவு மட்டும் நார்வேக்காரரின் வாசல், மற்றது கனடாக்காரரின் வாசல் என்று ஆகிறது. சிப்பி வளர்ப்பவருக்கு இது நல்ல செய்தி. சட்டம் தன் நாட்டு நாடாளுமன்றத்தில் மட்டும்தான் எழுதப்பட வேண்டும் என்று வாக்களித்தவருக்கு அப்படி இல்லை. அவரிடம் 2016-லும் இதைக் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்காட்லாந்தில் மீண்டும் வாக்கெடுப்புக் கோரிக்கை எழும்போதும், வேறெங்காவது ஒரு கட்சி விலகல் என்று பேசும்போதும், ஆதரவு எத்தனை சதவீதம் என்ற கருத்துக்கணிப்பை மட்டும் வெளியிடாதீர்கள். எந்த நாணயம், எல்லையில் சுங்கம் யார், எந்த நீதிமன்றம், அங்கே வாழும் வெளிநாட்டார் என்ன ஆவார்கள் என்ற நான்குக்கும் அந்தக் கட்சி எழுத்தில் தந்த பதிலைப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். பதில் தராத இடத்தைக் காலியாகவே விடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருப்பூர்.